விடியற்காலை டிரிப்பும் கண்மாய்ப் பறவைகளும்: இன்சுலேட்டரைக் காக்க என்ன வழி?

கண்மாய்க்கரை எழுதியது:

திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் நடுவில் ஒரு கண்மாய்க் கிராமம் எங்களுடையது. ஊரில் பால் குளிரூட்டும் நிலையத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கார்த்திகை பிறந்தால் தை கடைசி வரை விடியற்காலையில் கரண்ட் போவது வழக்கமாகிவிட்டது. மழை இருக்காது, காற்று இருக்காது. நாலரை மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் கண்மாய்ப் பக்கம் பட்டென்று ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், அப்புறம் ஐந்தாறு ஊர் இருட்டு. சில நாள் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. சில நாள் லைன்மேன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையோரமாகக் கம்பம் கம்பமாக நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கறந்த பால் கேனில் காத்திருக்கும் நேரம் அது.

பறவைதான் காரணம் என்கிறார்கள். போன வருடம் கரையோரம் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரை எல்லாம் புதிதாக மாற்றினார்கள். இந்த வருடமும் அதே கதை. பறவைச் சரணாலயம் உள்ள கொல்லுகுடிப்பட்டிக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. பறவைக்காகத் தீபாவளி வெடியையே விட்டவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால் விரட்டு என்ற பேச்சு இங்கே எடுபடாது. பறவையும் இருக்க வேண்டும், கரண்டும் இருக்க வேண்டும். இதற்கு உருப்படியாக என்ன கேட்டு மனுக் கொடுக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லைன் இன்ஸ்பெக்டர் எழுதியது:

தம்பி, வழி சொல்வதற்கு முன்னால் சில விவரம் வேண்டும். கரையில் ஓடுவது 11 கே.வி. (11,000 வோல்ட்) மட்டுமா, டவர் லைனும் இருக்கிறதா? கரண்ட் போகும்போது உங்கள் ஊர் மட்டும் இருட்டாகிறதா, காரைக்குடி வரை விளக்கு சிமிட்டுகிறதா? கம்பத்தடியில் செத்த பறவை, இறகு ஏதாவது கிடக்கிறதா? முக்கியமாக, பனி இறங்கிய நாளில் மட்டும் வருகிறதா, பனி இல்லாத நாளிலும் வருகிறதா?

கண்மாய்க்கரை எழுதியது:

ஐயா, கரை மேல் 11 கே.வி. கண்மாய் உள்வாயைக் கடந்து 110 கே.வி. டவர் லைன் போகிறது. பெரும்பாலும் எங்கள் ஃபீடர்தான், அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஊர்களுக்கு வரும் லைன்தான் போகிறது. எப்போதாவது ஒரு நொடி எல்லா ஊரிலும் விளக்கு மங்கித் திரும்புகிறது. அந்த நாட்களில் டவர் பக்கம் வெளிச்சம் பார்த்ததாகக் கரை மேல் நடப்பவர்கள் சொல்கிறார்கள். கம்பத்தடியில் சில நேரம் கொக்கு கிடக்கும், வக்கா கிடக்கும். பல நாள் ஒன்றுமே இருக்காது. கடுமையான பனி நாளில் அதிகம், ஆனால் பனி இல்லாத நாளிலும் உண்டு. கரைக் கம்பங்களில் சட்டம், பீங்கான் எல்லாம் வெள்ளை பூசியது மாதிரி எச்சம்.

பழைய லைன் இன்ஸ்பெக்டர் எழுதியது:

சரி. நீங்கள் சொல்வது ஒரே கோளாறு இல்லை, மூன்று கலந்திருக்கிறது. மூன்றுக்கும் பறவைதான் காரணம், ஆனால் மூன்றும் நடக்கும் இடம் வேறு, மருந்தும் வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் பீங்கானை மாற்றிக்கொண்டே இருந்தால் செலவுதான் மிச்சம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 11 கே.வி. கம்பம். குறுக்குச் சட்டம் இரும்பு, எர்த் செய்யப்பட்டது. அதன் மேல் ஒரு தண்டில் 'பின்' வகை இன்சுலேட்டர் நிற்கிறது, அதன் தலையில் கம்பி. சட்டத்துக்கும் கம்பிக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு சாண்தான். அந்த ஒரு சாணில், கம்பிக்கும் எர்த்துக்கும் இடையிலான 6,350 வோல்ட் நிற்கிறது. கரிச்சான் நடுக்கம்பியில் உட்கார்ந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. கொக்கு சட்டத்தின் மேல் உட்கார்ந்து கழுத்தை நீட்டினாலோ, எழும்பும்போது சிறகை விரித்தாலோ, அந்த ஒரு சாணை அதன் உடம்பே நிரப்பிவிடுகிறது. காய்ந்த இறகு ஓரளவு தாங்கும், பனியில் நனைந்த இறகு தாங்காது. பறவை போய்விடும், சப்ஸ்டேஷனில், தரைக்கு மின்சாரம் பாய்வதை உணரும் எர்த் ஃபால்ட் ரிலே வேலை செய்து ஃபீடர் முழுக்க டிரிப் ஆகும், அதாவது தானாகத் துண்டிக்கப்படும். பறவை கீழே விழுந்ததும் வழி திறந்துவிடுகிறது, அதனால் மறுபடி கரண்ட் விட்டால் லைன் தாங்குகிறது. விழுந்ததை நாயோ நரியோ தூக்கிப் போய்விட்டால் பேட்ரோலில் ஒன்றும் அகப்படாது. இதில் பீங்கான் மேல் ஒரு குற்றமும் இல்லை. புதுப் பீங்கானும் அதே ஒரு சாண்தான்.

இரண்டாவது எச்சம் படிந்து வருவது. பீங்கானில் அடுக்கடுக்காகப் பாவாடை மாதிரி மடிப்பு வைத்திருப்பதே, மின்சாரம் மேற்பரப்பில் ஊர்ந்து போகும் தூரத்தைக் கூட்டத்தான். எச்சம் காய்ந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. மார்கழிப் பனி அதை நனைத்ததும் அதிலுள்ள உப்பு கரைந்து பீங்கானின் உடம்பில் கசிவு ஓடத் தொடங்கும். சிறிய நீலப்பொறி தெரியும், சீறும் சத்தம் கேட்கும், கடைசியில் மேலிருந்து கீழ்வரை ஃபிளாஷ் ஆகும், அதாவது நெருப்பு பாயும். வெயில் ஏறியபின் கசிவைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்தால் நன்றாகவே காட்டும், காய்ந்துவிட்டதே. பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பனியும் தூறலும்தான் கெடுதல், நனைக்கும், கழுவாது. உங்கள் ஊரில் பனி நாளில் அதிகம் வருவது இதனால்தான்.

மூன்றாவது டவரில். 110 கே.வி. லைனில் இன்சுலேட்டர் தட்டுகளைக் கோத்த டிஸ்க் சரம் சட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தொங்கும். நாரை, பெருங்கொக்கு மாதிரிப் பெரிய பறவைகள் சட்டத்தின் நுனியில் இரவு தங்கும். விடிகாலையில் பறப்பதற்கு முன் எச்சம் போடும். அது சொட்டாக விழாது, அறுபடாத ஒழுக்காக நீண்டு இறங்கும். மின்சாரம் கடத்தும் தண்ணீர் அது. சரத்துக்குப் பக்கத்தில் காற்றில் இறங்கும்போதே கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைத்துவிடும், மிச்சத்தை நெருப்பு தாண்டிவிடும். எச்சம் டிஸ்க்கைத் தொடவே தேவையில்லை. பனியும் தேவையில்லை. டவர் லைனில் பிரேக்கர் என்ற பெரிய சுவிட்ச் துண்டித்துவிட்டுத் தானாகவே மறுபடி இணைத்துக்கொள்ளும், அதனால்தான் உங்களுக்கு ஒரு நொடி மங்கலோடு போகிறது.

இந்த மூன்றாவதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கே பல காலம் பிடித்தது. 1920களில் கலிபோர்னியாவில் 220 கே.வி.க்கு உயர்த்திய லைன்களில் காரணம் தெரியாமல் ஃபிளாஷ் வந்துகொண்டே இருந்தது. பறவை எச்சம்தான் என்று நிலைநாட்டியபின் சரத்துக்கு மேலே தகரத் தட்டும், ரம்பப் பல் மாதிரித் தடுப்பும் வைத்தார்கள். நூறு வருடம் ஆகியும் அடிப்படை வழி அதேதான்: சரத்துக்கு நேர் மேலே உட்கார விடாதே, வேறு இடத்தில் உட்காரட்டும்.

மருந்து என்று பார்த்தால், முதல் கோளாறுக்கு உறை. இன்சுலேட்டர் தலையையும் அதன் இரு பக்கமும் கம்பியையும் மூடும் சிலிக்கான் உறை கிடைக்கிறது. லைனை இணைக்கும் சிறு கம்பியான ஜம்பருக்குக் குழாய் உறை, டிரான்ஸ்பார்மரில் கம்பி சேரும் பீங்கான் முனையான புஷிங்குக்குத் தொப்பி. இரண்டாவதற்குக் கழுவுதல், துடைத்தல், ஊர்வு தூரம் அதிகமுள்ள இன்சுலேட்டர். மூன்றாவதற்கு டவர் சட்டத்தில், சரத்துக்கு மேலே இரு பக்கமும் போதிய அகலத்துக்குத் தடுப்பு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வேலை செய்யாது. டவரில் டிஸ்க்கைக் கழுவிக்கொண்டே இருந்தாலும் எச்ச ஒழுக்கு டிரிப் நிற்காது.

கொக்குக் கணக்கு எழுதியது:

ஐயா எழுதியதோடு பறவைப் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சேர்க்கிறேன். குளிர்காலத்தில் வேட்டங்குடிப் பக்கம் பறவை கணக்கெடுக்கப் போகிறவள் நான். நாலரை முதல் ஆறு என்று தம்பி குறித்திருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். வக்கா இரவில் மேயும் பறவை. அந்தியில் கிளம்பி விடியுமுன் திரும்பி வரும். நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு எல்லாம் அதே விடியலில் இறங்கி மேயக் கிளம்பும். வருகிறவையும் போகிறவையும் ஒரே நேரத்தில் ஒரே சட்டத்துக்கு முட்டும் வேளை அது. இடம் பிடிக்கும் சண்டையில் சிறகடிப்பதும் அப்போதுதான். பனியும் அப்போதுதான் உச்சம். மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன.

இன்னொன்று. வேட்டங்குடி, பெரிய கொல்லுகுடி, சின்னக் கொல்லுகுடி மூன்று கண்மாயும் 1977இல் சரணாலயம் ஆனவை. அங்கே கண்மாய்க்குள்ளேயே மரம் நிற்கிறது, பறவைக்கு உட்கார இடம் இருக்கிறது. சுற்றியுள்ள பல கண்மாய்களில் சீமைக்கருவேலத்தை வெட்டினோம், நல்லதுதான். பதிலுக்கு ஒரு நாட்டுக் கருவேலத்தைக்கூட வைக்கவில்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் உயரமாக நிற்பது மின்கம்பம் ஒன்றுதான் என்றால் பறவை வேறு எங்கே போகும்?

தம்பி, உங்கள் கண்மாயில் மரம் எப்போது போனது, டிரிப் எப்போது கூடியது என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

புதுவயல் மில் எழுதியது:

எங்களுக்குக் கொக்கு இல்லை, புறா. புதுவயலில் அரிசி ஆலை இருக்கும் இடமெல்லாம் புறாவும் காகமும் இருக்கும். சிந்தின நெல்லுக்கு வருகின்றன, டிரான்ஸ்பார்மர் சட்டத்தில் குடியிருக்கின்றன. எச்சத்தோடு உமிச் சாம்பலும் சேர்ந்து இன்சுலேட்டரில் பக்குப் பிடிக்கிறது. ஆலையின் சொந்த டிரான்ஸ்பார்மருக்கு ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டேன். இரும்பு முள் வரிசையைச் சட்டத்தில் பற்றவைத்து, மினுமினு ரிப்பனையும் கட்டிவிட்டுப் போனார். சில வாரத்தில் ரிப்பன் அறுந்து காற்றில் போய் கம்பி மேல் விழுந்து டிரிப். முள்ளுக்கு நடுவில் காகம் கூடு கட்டியது. குச்சி நழுவாமல் பிடித்துக்கொள்ள முள் நல்ல வசதி போல. சிலிக்கான் பூச்சு, பாலிமர் இன்சுலேட்டர் என்று இப்போது வேறொருவர் விலை சொல்கிறார். போடலாமா?

மின்னியல் வாத்தியார் எழுதியது:

அண்ணே, உங்கள் இடத்துக்குப் பாலிமர் பொருந்தும், காரணத்தோடு சொல்கிறேன். இன்சுலேட்டரின் ஊர்வு தூரத்தை, லைனின் உச்ச வோல்டேஜில் ஒரு கிலோவோல்ட்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிடுவார்கள். அழுக்கு கூடுதலான இடத்துக்கு 25, மிகக் கூடுதலான இடத்துக்கு 31 என்பது வெகுகாலமாகப் புழங்கும் அளவு. 11 கே.வி. லைனின் உச்சம் 12 கே.வி. அப்படியானால் 300 மில்லிமீட்டர், அல்லது 372. உங்கள் பழைய பீங்கானின் விவரத்தாளைப் பார்த்தால் இதற்குக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பீங்கான் மேல் தண்ணீர் படலமாகப் பரவும், பாலிமரில் இருக்கும் சிலிக்கான் மேல் முத்துமுத்தாக நிற்கும். தொடர்ச்சியான ஈரப்பாதை உருவாவதில்லை. சிலிக்கானின் சிறப்பு, மேலே படியும் தூசுக்கும் மெல்ல அந்தக் குணத்தை ஏற்றிவிடும். ஆனால் எச்சம் தடிமனாகப் படிந்தால் அதுவும் ஈடு கொடுக்காது. உமிச் சாம்பலில் கரையும் பொட்டாசியம் உப்பு உண்டு, ஆகவே ஆலையின் புகைபோக்கி எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதையும் பாருங்கள். பாலிமரைக் கிளி கொத்துகிறதா என்று கண் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் காக்கட்டூ கிளிகள் சிலிக்கான் மடிப்பைக் கடித்துக் குதறுவது பெரிய தொல்லை.

இரும்பு முள்ளை எடுத்துவிடுங்கள். முள் மேல்நோக்கி நின்றால் அந்த அளவுக்குக் கம்பிக்கும் எர்த்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிட்டது என்று பொருள். காகம் உட்காராமல் போகலாம், ஓணான் ஏறினால்கூட ஃபிளாஷ் ஆகும்.

அதைவிட முதல் வேலை, சிந்தின நெல்லைக் கூட்டுவது. புறாவை வரவைப்பது டிரான்ஸ்பார்மர் இல்லை, தரையில் கிடக்கும் நெல்.

குன்றக்குடி வாசி எழுதியது:

எங்கள் ஊர் மயில் கதையையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முருகன் மலைக்கே மயூரகிரி என்று பெயர். மயிலை யாரும் தொட மாட்டார்கள், அதனால் பெருகி நிற்கிறது. அது வயலில் மேய்ந்துவிட்டு அந்தியில் உயரமான இடம் தேடும்போது டிரான்ஸ்பார்மர் மேடையில் ஏறுகிறது. சிறகை விரித்தால் நாலு அடிக்கு மேல், தோகை வேறு. ஒரு ஃபேஸையும் இன்னொரு ஃபேஸையும் ஒரே நேரத்தில் தொடக்கூடிய பறவை. தோட்டத்து மோட்டார் டிரான்ஸ்பார்மர் அடியில் மயில் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதற்கு ஒரு தொப்பி போட முடியாதா?

பழைய லைன் இன்ஸ்பெக்டர் எழுதியது:

மயிலுக்கு டிரான்ஸ்பார்மர்தான் எமன், நீங்கள் சொல்வது சரி. அங்கே எல்லாம் நெருக்கம்: புஷிங், இடிதாங்கி, ஹாரன் கேப் ஃபியூஸ், லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்ச், அத்தனைக்கும் நடுவில் ஓடும் வெறும் ஜம்பர்கள். மூன்று புஷிங்குக்கும் தொப்பி, ஜம்பர் முழுக்க உறை, இடிதாங்கித் தலைக்கு உறை, இவற்றைப் போட்டாலே பெரும்பகுதி ஆபத்து போய்விடும். அணிலுக்கும் மரநாய்க்கும் அதே உறைதான் காப்பு. ஃபியூஸ் இருக்கும் இடத்தை மட்டும் மூட முடியாது, அது உருகும்போது காற்றில் திறக்க வேண்டும்.

மயில் செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் எழுதும் பதிவு ஒவ்வொன்றும் அந்த டிரான்ஸ்பார்மருக்கு உறை கேட்பதற்கு ஆதாரம்.

கம்பத்துக்காரன் எழுதியது:

நான் இப்போது லைனில் வேலை பார்க்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். படித்தவர்கள் எழுதியதெல்லாம் சரிதான், கம்பத்தின் மேல் நிற்பவன் சொல்லையும் கேளுங்கள்.

உறை போடுவது மாதாந்திரப் பராமரிப்பு நாளில்தான் முடியும். எல்.சி. (லைனை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்கி, இரண்டு பக்கமும் எர்த் போட்டபிறகுதான் ஏறுவோம். அந்த ஒரு நாளில் மரக்கிளை வெட்ட வேண்டும், ஏபி சுவிட்ச் பார்க்க வேண்டும், ஜம்பர் இறுக்க வேண்டும். ஆகவே எந்தக் கம்பம் என்று நம்பரோடு பட்டியல் கொடுத்தால்தான் வேலை நடக்கும். 'கரையோரம் பூராவும்' என்று எழுதினால் நடக்காது. பறவை எல்லாக் கம்பத்திலும் சமமாக உட்காருவதில்லை. கண்மாய் மடைக்குப் பக்கம், கடைசியாக உயர்ந்து நிற்கும் கம்பம், லைன் திரும்பும் முக்கு, இப்படிச் சில இடம்தான். முக்குக் கம்பத்தில் டிஸ்க் போட்டு ஜம்பர் சட்டத்துக்கு மேலே ஓடும், அதுதான் மிக மோசம். சட்டத்துக்குக் கீழே ஜம்பரை இறக்கிக் கட்ட முடிந்த இடத்தில் இறக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும், பைசா செலவில்லை.

உறை என்று சொல்லிக்கொண்டு சைக்கிள் டியூபையும் தண்ணீர் ஹோஸையும் கிழித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். டியூபில் கரி கலந்த ரப்பர், வெயிலில் வெடித்து உள்ளே தண்ணீர் பிடித்துக்கொள்ளும். உறை போட்ட கம்பியையும் யாரும் தொடக்கூடாது, அது பறவை சற்றுப் படுவதற்கான காப்பு, மனிதன் பிடிப்பதற்கு இல்லை.

காக்கைக் கூடு வேறு கணக்கு. சித்திரை, வைகாசியில்தான் அந்தத் தொல்லை. இப்போது காக்கை சுள்ளியை மட்டும் வைத்துக் கட்டுவதில்லை. பழைய வீடு பிரிக்கிற இடம், புதுக் கட்டடம் நடக்கிற இடம், எங்கும் கட்டுக்கம்பித் துண்டு கிடக்கிறது. செட்டிநாட்டில் வீடு பிரிக்காத தெரு எது? அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து சட்டத்தில் பின்னி வைக்கிறது. ஒரு துண்டு நீண்டு கம்பியைத் தொட்டால் போதும், டிரிப். நாங்கள் பிரித்துப் போட்டால் அடுத்த வாரமே அதே கம்பியைப் பொறுக்கி அதே இடத்தில் கட்டும். கம்பத்தடியில் கிடக்கும் கட்டுக்கம்பியைப் பொறுக்கி எடுத்தாலே எங்களுக்கு அரை வேலை குறையும். கூடு கட்டத் தொடங்கும்போதே சொல்லுங்கள், முட்டை வைத்தபின் கலைக்க எங்களுக்கும் மனசு வராது.

யாரும் தோட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டைத் தட்டாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குக் கம்ப நம்பரோடு சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

இத்தனை ஒட்டு வேலை எதற்கு? கம்பியை மொத்தமாகப் பூமிக்கடியில் கொண்டுபோனால் பறவையும் பிழைக்கும், கரண்டும் தடைபடாது. ராஜஸ்தானில் அரிய பறவையான கானமயிலுக்காக உச்ச நீதிமன்றமே அப்படி உத்தரவு போட்டதே.

மின்னியல் வாத்தியார் எழுதியது:

போட்டது, 2021 ஏப்ரலில். அதே நீதிமன்றம் 2024 மார்ச்சில் அதை மாற்றி, எல்லா இடத்திலும் புதைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஏற்று, நிபுணர் குழுவிடம் விட்டது. அந்த வழக்கின் அடிப்படையும் வேறு. கானமயில் கம்பியைப் பார்க்காமல் பறந்து வந்து மோதுகிறது. நம் கொக்கு கம்பியைப் பார்த்துத்தான் வந்து உட்காருகிறது. மோதலுக்குக் கம்பியில் தொங்கவிடும் தட்டு உதவும், உட்காருவதற்கு உதவாது.

நகரத்துத் தெருவில் கேபிள் நல்லதுதான். கண்மாய்க் கரை ஓரத்தில், செம்பாறை வெட்டி, தண்ணீர் ஏறும் இடத்தில் கேபிள் போட்டு, அது பழுதானால் எங்கே என்று தேடித் தோண்டுவதற்குள் உங்கள் பால் தயிராகிவிடும். ஊருக்குள் போக வேண்டிய பணத்தைக் கரையில் புதைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

முன்மாதிரி வேண்டுமானால் ஜெர்மனியைப் பாருங்கள். கோபுர லைனை விட்டுவிட்டு, நம் 11 கே.வி. போன்ற நடுத்தர வோல்டேஜ் கம்பங்களில் ஆபத்தானவற்றை 2012 முடிவுக்குள் பறவைக்குப் பாதுகாப்பாக மாற்ற வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். புதைக்கச் சொல்லவில்லை. உட்காரும் இடத்துக்கும் கம்பிக்கும் 60 சென்டிமீட்டர், கம்பிக்கும் கம்பிக்கும் 140 சென்டிமீட்டர் என்பது ஐரோப்பாவில் பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. நம் ஒரு சாணை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகக் கரையில் லைன் இழுக்கும்போதே இன்சுலேட்டரைச் சட்டத்தின் மேல் நிறுத்தாமல் கீழே தொங்கவிட்டால் உறையே தேவைப்படாது.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

புது லைனுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உறை எத்தனை வருடம் உழைக்கும்? எங்கள் வெயில் தெரியுமே. கிழிந்து தொங்கினால் அதுவே புதுக் கோளாறு.

கம்பத்துக்காரன் எழுதியது:

நியாயமான கேள்வி அண்ணே. வெயில் தாங்கும் சிலிக்கானுக்கும் மலிவுப் பிளாஸ்டிக்குக்கும் கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரியும். எந்த உறையானாலும் பங்குனியில் ஒருமுறை கீழிருந்து பார்க்க வேண்டும், பூட்டு ஊசி கழன்றிருக்கிறதா என்று. உறைக்குள் இன்சுலேட்டர் விரிசல் விட்டால் கீழிருந்து தெரியாது என்பது ஒரு குறை, அதை மறைக்கக்கூடாது. அதனால்தான் எல்லாக் கம்பத்துக்கும் கேட்காதீர்கள், பறவை உட்காரும் கம்பத்துக்கு மட்டும் கேளுங்கள் என்கிறேன்.

கொக்குக் கணக்கு எழுதியது:

உட்காரும் இடத்தை மாற்றிக் கொடுப்பதையும் மனுவில் விடாதீர்கள். கண்மாய் உள்வாயில் நாட்டுக் கருவேலம் வைத்தால் வளரச் சில வருடம் ஆகும். அதுவரை, லைனிலிருந்து நன்றாகத் தள்ளி, தண்ணீருக்குள் குறுக்குக்கட்டை அடித்த மரக்கம்பம் நடலாம். மின்கம்பத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், பறவை உயரத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். கண்மாய்க்குள் எதை நடுவதானாலும் நீர்வளத்துறையிடமோ ஒன்றியத்திடமோ அனுமதி வாங்குங்கள், கண்மாய் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம். வெறும் விரட்டல் பலிக்காது. பொம்மைப் பருந்து, ஒலிபெருக்கி எல்லாம் பறவைக்குச் சில நாளில் பழகிப்போகும்.

கண்மாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி லைன்மேன் அண்ணனோடு கரையில் பகலில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை நடந்தோம். வெள்ளை படிந்த கம்பங்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குகின்றன. மடைக்குப் பக்கத்து முக்குக் கம்பத்தில் ஜம்பர் சட்டத்துக்கு மேலேதான் ஓடுகிறது, சட்டத்தில் கருகிய தழும்பு இருக்கிறது. பெரியவர்களைக் கேட்டதில், உள்வாய் மரம் போன அடுத்த மழைக்காலத்திலிருந்துதான் இந்தத் தொல்லை என்று இரண்டு மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

மனுவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்: 'கீழ்க்கண்ட கம்பங்களில் இன்சுலேட்டருக்கும் அதை ஒட்டிய கம்பிக்கும் பறவைக் காப்பு உறை பொருத்தவும், முக்குக் கம்பத்தின் ஜம்பரைச் சட்டத்துக்குக் கீழே இறக்கவும், கார்த்திகைக்கு முன்பும் பொங்கலை ஒட்டியும் இன்சுலேட்டர்களைச் சுத்தம் செய்யவும், கண்மாயைக் கடக்கும் டவர்களில் சரத்துக்கு மேல் பறவைத் தடுப்பு பொருத்தவும் வேண்டுகிறோம்.' கம்ப நம்பரும் படமும் இணைப்பு.

பழைய லைன் இன்ஸ்பெக்டர் எழுதியது:

நல்ல மனு. இரண்டு திருத்தம். டவர் லைனைப் பார்ப்பது வேறு பிரிவு, அதைத் தனி மனுவாகக் கொடுங்கள், இல்லையென்றால் ஒன்றுக்காக மற்றதும் மேஜையில் தங்கும். அப்புறம், கடந்த பனிக்காலத்தில் உங்கள் ஃபீடர் டிரிப் ஆன நாள், நேரம், எர்த் ஃபால்ட்டா ஓவர் கரண்ட்டா என்ற ரிலே விவரம், எல்லாம் சப்ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி இணையுங்கள். எர்த் ஃபால்ட் வரிசையாக விடியற்காலை நேரத்தில் விழுந்திருப்பதைப் பார்த்தால் எந்தப் பொறியாளருக்கும் விளக்கம் தேவைப்படாது.

சுத்தம் செய்வதைப் 'பொங்கலை ஒட்டி' என்று எழுதாதீர்கள், அப்போது ஆள் கிடைக்காது. மார்கழி முதல் வாரம் என்று போடுங்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

மாற்றிவிட்டேன் ஐயா. பதிவேட்டு நகலுக்குத் திங்கட்கிழமை போகிறேன். மரக்கன்றுக்கு வனத்துறையிடம் பேசுவதாகக் கொக்குக் கணக்கு அக்கா சொல்லியிருக்கிறார்கள். கரையடியில் கிடக்கும் கட்டுக்கம்பியைப் பள்ளிப் பிள்ளைகள் இந்த ஞாயிறு பொறுக்குகிறார்கள், கம்பத்துக்கு அருகில் போகாமல் பெரியவர் ஒருவர் கூட நிற்பார்.